அத்தியாயம் 6: சொல்லாமல் நின்றவர்

காலை ஒன்பது மணிக்கு டைம் ஆபீஸிலிருந்து வருகைத் தாள் உங்கள் மேசைக்கு வருகிறது. ஒரு பெயருக்கு நேரே மூன்றாவது நாளாக ஆப்சென்ட் விழுந்திருக்கிறது. லீவு லெட்டர் இல்லை, போனும் வரவில்லை. சூப்பர்வைசர் ஏற்கெனவே ஒரு ஹெல்பரை அந்த மெஷினில் நிறுத்திவிட்டார். உற்பத்தி எப்படியோ ஓடுகிறது. எட்டாவது நாள் ஆபீஸில் ஒரு மெமோ டைப் ஆகும். நான் பார்த்த பெரும்பாலான தொழிற்சாலைகளில் இப்படித்தான் நடக்கிறது. மூன்றாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் நடுவே அந்த ஆளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மனிதவளத் துறையில் இருப்பவருக்கு உண்மையான வேலை இருப்பது அந்த ஐந்து நாட்களில்தான். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியது.

என் கையால் நடந்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதினான்கு வருட சர்வீஸ் உள்ள ஒரு லேத் ஆபரேட்டர் சொல்லாமல் நின்றுவிட்டார். “திங்கக்கிழமை ஆளுங்க சார், மெமோ போட்டாத்தான் வழிக்கு வருவாரு” என்றார் ஃபோர்மேன். ஃபைலில் இருந்த நம்பருக்கு ஒருமுறை அடித்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. அதோடு விட்டுவிட்டு ஒன்பதாம் நாள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினேன்.

பதினோராம் நாள் அவருடைய மகன் வந்தான். எட்டாவது படிக்கிற பையன், ஸ்கூல் யூனிஃபார்மோடு கேட்டில் நின்றான். ஒரு கையில் நான் கையெழுத்துப் போட்ட கவர், இன்னொரு கையில் ஆஸ்பத்திரி பில்கள். பாட்டிக்குப் பக்கவாதம் வந்து தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ராத்திரியும் பகலும் அப்பாதான் கூட இருக்கிறார். “அப்பா அழுவறாருங்க சார், வேலை போயிருச்சான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு” என்றான்.

பில்களைப் புரட்டிப் பார்த்தேன். வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம் அது. அந்த மனிதர் இ.எஸ்.ஐ.யில் இருப்பவர். அவரை நம்பி வாழும் தாய்க்கும் அதில் சிகிச்சை உண்டு. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி அவர் வீட்டிலிருந்து ஒரே பஸ். பதினான்கு வருடம் மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடித்திருக்கிறோம். அது எதற்கெல்லாம் உதவும் என்று ஒருநாளும் உட்கார்த்திச் சொன்னதில்லை. மூன்றாம் நாளே நான் அவரைத் தேடிப் பிடித்திருந்தால் அந்தக் கடனில் பாதியாவது குறைந்திருக்கும். அவரை வழிக்குக் கொண்டுவர எழுதிய அந்த நோட்டீஸ் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம், மூன்றாம் நாள் போன். அதற்கு முதலில் சரியான நம்பர் வேண்டும். சேரும்போது கொடுத்த நம்பரை நம்பவே நம்பாதீர்கள்; ஆட்கள் சிம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வருடத்துக்கு இரண்டு முறை, தீபாவளி போனஸ் கொடுக்கும்போது ஒருமுறையும் பொங்கல் முடிந்து வரும்போது ஒருமுறையும், ஒவ்வொருவரிடமும் தன்னுடைய நம்பர், வீட்டில் ஒருவருடைய நம்பர், இப்போது குடியிருக்கும் விலாசம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். போனஸ் வாங்க வராத ஆள் கிடையாது என்பதால் அந்த நாள் வசதி.

போனை நீங்களே செய்யுங்கள். சூப்பர்வைசரை விட்டுச் செய்யச் சொன்னால் “ஏன் வரல?” என்றுதான் தொடங்குவார். அவருக்கு மெஷின் நிற்கிற கவலை, அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதுமே எதிர்முனையில் இருப்பவர் காரணம் தேட ஆரம்பித்துவிடுகிறார். நான் இப்படித் தொடங்குவேன்: “அண்ணா, கம்பெனில இருந்து பேசறேனுங்க. மூணு நாளா ஆளக் காணமே, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. பத்து விநாடி அமைதி கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும். பொதுவாக முதலில் “ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் உடம்பு முடியல” என்று வரும். இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் விஷயம் வரும்.

விஷயத்தைக் கேட்ட பிறகு மூன்று சங்கதிகளைச் சொல்லுங்கள். லீவு எத்தனை நாள் பாக்கி இருக்கிறது, சம்பளம் எத்தனை நாளுக்குப் பிடிக்கப்படும், எந்தக் காகிதம் கொண்டுவந்தால் பிடிப்பு குறையும். “நீங்க நிம்மதியா இருங்க, எல்லாம் பாத்துக்கலாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். சம்பள நாளில் பிடித்தம் தெரிந்ததும் அந்த வார்த்தை உங்களைத் திருப்பி அடிக்கும். பேசி முடித்ததும் ஒரு நோட்டில் தேதி, நேரம், அடித்த நம்பர், யார் எடுத்தார், என்ன சொன்னார் என்று நான்கு வரி எழுதிவையுங்கள். பின்னால் விவகாரம் பெரிதாகி விசாரணை வந்தால் உங்களுக்கும் அவருக்கும் அந்த நோட்டுதான் சாட்சி.

போன் எடுக்கவில்லை என்றால் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். அவரோடு உரசல் உள்ளவரை அனுப்பக் கூடாது. ஒரே பஸ்ஸில் வருகிற சக தொழிலாளி நல்லது. பெண் தொழிலாளி என்றால் போகிற இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போய் “கம்பெனிக்கு வரல, அதான் தேடறோம்” என்று தெருவுக்கே சொல்லிவிட்டு வராதீர்கள். வீட்டில் உள்ளவர்களுக்கே தெரியாமல் அவர் வேறெங்கோ அலைந்துகொண்டிருக்கலாம்.

பீகார், ஒடிசாவிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் விஷயத்தில் நம்மவர்கள் ஒரு தவறு தொடர்ந்து செய்கிறார்கள். தீபாவளிக்கு எல்லாருக்கும் போல நான்கு நாள் லீவு கொடுத்துவிட்டு, ஐந்தாம் நாள் வரவில்லை என்று கோபப்படுகிறார்கள். பீகார்க்காரர்களுக்குப் பெரிய விழா சத் பூஜை. அது தீபாவளி கழிந்து ஆறாம் நாள் வருகிறது. ரயிலில் போக இரண்டு நாளுக்கு மேல், வர இரண்டு நாளுக்கு மேல். சத் முடிந்து வருகிற தேதியை முன்கூட்டியே பேசி, திரும்புகிற டிக்கெட்டைப் பார்த்து லீவு எழுதினால் முக்கால்வாசிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். நம் ஊர் மாரியம்மன் நோம்பிக்கும் இதே கணக்குதான். கொங்கு நாட்டில் நோம்பிக்குப் போகாதே என்று சொல்லி நிறுத்தி வைத்த சூப்பர்வைசரை நான் பார்த்ததில்லை. எந்த ஊர் நோம்பி எந்த வாரம் என்று பங்குனியிலேயே ஒரு காலண்டரில் குறித்துக்கொண்டு, லைனில் ஆட்களை மாற்றி வைப்பதே நடக்கிற காரியம்.

ஒரு நாளின் வருகைத் தாளை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஒருவருடைய ஒரு வருட வருகையை ஒரே தாளில் பன்னிரண்டு வரியாக எழுதிப் பாருங்கள். ஞாயிறுகளும் விடுமுறைகளும் சிவப்பில், ஆப்சென்ட் நீலத்தில். கம்ப்யூட்டரிலேயே எடுக்கலாம்தான், எனக்குக் கையால் எழுதினால்தான் கண்ணில் படுகிறது. திங்கட்கிழமைகளில் நீலம் குவிந்தால் ஒரு கதை. சம்பளத்துக்கு மறுநாள் குவிந்தால் இன்னொன்று. மாதத்தில் ஒரே தேதியை ஒட்டி ஒரு நாள் விழுந்துகொண்டே இருந்தால் ஆஸ்பத்திரி, கோர்ட், வட்டிக்காரர் மூன்றில் ஒன்று இருக்கும்.

வைண்டிங் செக்‌ஷனில் ஒரு பெண். நான்கு வருடம் ஒருநாள் கூட லேட் கிடையாது. திடீரென்று நான்கு மாதமாக அங்கொன்றும் இங்கொன்றுமாக லீவு. காரணம் கேட்டால் தலைவலி, வயிற்றுவலி. ஒரு வருடத் தாளை எழுதிப் பார்த்தேன். ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. பக்கத்தில் ஷிப்ட் போட்ட தாள் கிடந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் வராத ஒன்பது நாளில் எட்டு நாள், மதிய ஷிப்டில் ஒரு குறிப்பிட்ட சூப்பர்வைசர் போடப்பட்டிருந்த நாட்கள்.

அவரைக் கூப்பிட்டு “அந்த ஆள் ஏதாவது தொந்தரவு பண்றாரா?” என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. புகாரை நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். எங்கள் உள்ளகக் குழுவின் தலைவராக இருந்த அக்காவிடம் இரண்டு தாளையும் காட்டினேன். அவர் அந்தப் பெண்ணோடு கேண்டீனில் இரண்டு நாள் சேர்ந்து சாப்பிட்டார். மூன்றாம் நாள் அந்தப் பெண் எழுதிக் கொடுத்தார்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். தலைவர் பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை தொண்ணூறு நாளில் முடிய வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: விசாரணை நடக்கும்போது, புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்டால், குழுவின் பரிந்துரைப்படி மூன்று மாதம் வரை லீவு கொடுக்கலாம். அது அவருக்கு ஏற்கெனவே உள்ள லீவுக்கு மேல் தனி. அந்தப் பெண் ஏற்கெனவே தலைவலி என்று எழுதிப் போட்ட எட்டு நாளை நாங்கள் எங்கள் முடிவாகவே சம்பளத்தோடு திருத்தினோம். அதற்கு மேனேஜ்மெண்டிடம் சண்டை போட வேண்டியிருந்தது. போட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

குடிப் பிரச்சினை தனி விஷயம். இதில் மனிதவளத்துறை ஆட்கள் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள்: ஒன்று, புத்தி சொல்ல ஆரம்பிக்கிறார்கள், இல்லை, நல்ல வேலைக்காரர் என்று கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். இரண்டுமே அவரைக் கைவிடுவதுதான். நீங்கள் மருத்துவர் இல்லை, “உங்களுக்குக் குடிப் பழக்கம் இருக்குது” என்று சொல்ல உங்களுக்கு உரிமையும் இல்லை. வேலையில் கண்டதை மட்டும் தாளில் காட்டிப் பேசுங்கள். “கடந்த பத்துத் திங்கட்கிழமையில ஆறு நாள் வரலீங்க. போன மாசம் ரெண்டு தடவை ஜாப் அளவு தப்பாப் போயிருக்கு.” அதன் பிறகு சிகிச்சைக்குப் போனால் லீவு எப்படித் தரப்படும், வேலை எப்படிக் காக்கப்படும் என்பதை எழுத்தில் கொடுங்கள். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் வெகுகாலமாக வேலை செய்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். வீட்டம்மாவையும் ஒருமுறை, அந்தத் தொழிலாளியின் சம்மதத்தோடு, சந்தித்துவிடுங்கள்.

வாடையோடு கேட்டுக்கு வந்தவரை மெஷினில் விடவே கூடாது. அதே சமயம் “போய்யா வீட்டுக்கு” என்று பைக் சாவியோடு திருப்பி அனுப்பவும் கூடாது. ஆட்டோ பிடித்து ஒரு ஆளையும் கூட அனுப்புங்கள். பைக் செக்யூரிட்டி ரூமில் நிற்கட்டும்.

மனச்சோர்வு, தூக்கமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு இவை காதில் விழுந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கையில் கொடுங்கள். 2022 முதல் இயங்கும் அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். எண்ணைக் கொடுத்ததோடு நிற்காமல், உங்கள் அறையிலேயே கதவைச் சாத்தி உட்கார வைத்து அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நில்லுங்கள்.

இனிச் சட்டம். நிறைய நிறுவனங்களின் நிலையாணையில், தொடர்ந்து எட்டு நாள் சொல்லாமல் வராவிட்டால் வேலையை விட்டவராகக் கருதலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அதை நம்பிப் பெயரை மஸ்டரிலிருந்து அடித்துவிடுகிறார்கள். 1993இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகத் தீர்த்துவிட்டது. நிலையாணையில் விதி இருந்தாலும், விளக்கம் கேட்காமல், உள்விசாரணை நடத்தாமல் பெயரை எடுப்பது இயற்கை நீதிக்கு மாறு என்று சொல்லி, அந்தத் தொழிலாளியைப் பாதிச் சம்பள பாக்கியோடு மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. தன்னைக் கேட்டிலேயே உள்ளே விடவில்லை என்பது அந்தத் தொழிலாளியின் வாதம். விசாரணை வைத்திருந்தால் அது முன்பே வெளிவந்திருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பழைய பிரிவு எண்களை மெமோவில் போடுகிற வழக்கத்தை நிறுத்துங்கள். இந்த அத்தியாயத்துக்குத் தேவையானது மூன்று. சம்பளத்தோடு கூடிய ஆண்டு லீவுக்கு முன்பு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும்; புதிய தொகுப்பில் 180 நாள் போதும், இருபது நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கு அப்படியே. நிலையாணை கட்டாயம் என்பது முந்நூறு பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கு. அப்புறம், ஒரே நாளில் பாதிப் பேரும் அதற்கு மேலும் பேசிவைத்துக்கொண்டு சி.எல். போட்டால் அது வேலைநிறுத்தம் என்று இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு செக்‌ஷனில் பத்துப் பேர் சேர்ந்து கல்யாணத்துக்குப் போனதை அந்த விதியோடு குழப்பிக்கொள்ளும் மேனேஜர்களை நான் பார்த்துவிட்டேன், ஆகவே சொல்கிறேன்.

இ.எஸ்.ஐ.யில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் வருகிறார். நோயால் வர முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்குத் தொகையும் கூடும், காலமும் நீளும். நோய்க்கால உதவி வாங்கிக்கொண்டிருப்பவரை அந்த நாட்களுக்காகத் தண்டிக்கப் போகாதீர்கள். டிஸ்பென்சரி டாக்டர் தருகிற சான்றிதழ்தான் முக்கியம். தெருமுனைக் கிளினிக் சீட்டை வைத்துக்கொண்டு பலர் உதவித்தொகையை இழக்கிறார்கள். இதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

கடிதம் எழுத வேண்டிய நிலை வந்தால், அது இப்படி இருக்கட்டும்:

“அன்புள்ள திரு. ______, தாங்கள் ______ ஆம் தேதி முதல் பணிக்கு வரவில்லை. ______, ______ தேதிகளில் தங்கள் எண்ணுக்குத் தொடர்பு கொண்டோம், பேச இயலவில்லை. தங்களுக்கோ குடும்பத்தினருக்கோ உடல்நலக் குறைவு அல்லது வேறு இடர் இருந்தால் உடனே தெரிவிக்கவும். உரிய உதவி செய்ய நிர்வாகம் தயாராக உள்ளது. இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் பணிக்கு வரவும், அல்லது வர இயலாத காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.”

முதல் கடிதத்தில் ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்ற சொல் வேண்டாம். அது இரண்டாம் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் அனுப்புங்கள், இந்தி மட்டும் தெரிந்தவருக்கு இந்தியில். ஃபைலில் உள்ள எல்லா விலாசத்துக்கும், சொந்த ஊர் விலாசத்துக்கும் போகட்டும். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் ஃபைலில் வையுங்கள். இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உள்விசாரணை என்று முறையாகப் போக வேண்டும். விசாரணை அதிகாரி சம்பந்தப்பட்ட செக்‌ஷன் ஆளாக இருக்கக் கூடாது.

உண்மையிலேயே ஏய்ப்பவர்களும் உண்டு. அவர் வராத நாளெல்லாம் பக்கத்து மெஷின்காரர் இரண்டு மெஷினைப் பார்க்கிறார், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. எல்லா வாய்ப்பும் கொடுத்த பிறகும் மாறாதவர்மேல் நடவடிக்கை எடுக்கத் தயங்கினால், ஒழுங்காக வருகிறவர்களை நாம் தண்டிக்கிறோம். நோட்டும் கடிதங்களும் சரியாக இருந்தால் அந்த முடிவை எடுக்க உங்கள் கை நடுங்காது.

திரும்பி வருகிற நாளுக்கு வருவோம். பெரும்பாலோர் திரும்பி வருவார்கள். அன்றைக்குக் காலையில் கேட்டிலிருந்து நேராக லைனுக்கு அனுப்பாமல் முதலில் உங்கள் அறைக்கு வரச் சொல்லுங்கள். நாற்காலி போடுங்கள். நிற்க வைத்துப் பேசினால் அது விசாரணை ஆகிவிடும். டீ சொல்லுங்கள். உடம்பு எப்படி, வீட்டில் எப்படி என்று கேட்டுவிட்டு, பிடித்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்: இத்தனை நாள் இ.எல்., இத்தனை நாள் சம்பளம் இல்லை, ஏழாம் தேதி கைக்கு இவ்வளவு வரும். கடன் வாங்கியிருப்பவருக்கு அந்தத் தொகை முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம். அட்வான்ஸ் தர முடியுமானால் அப்போதே சொல்லுங்கள், முடியாதென்றாலும் அப்போதே சொல்லுங்கள்.

அதற்கு முந்தைய நாளே சூப்பர்வைசரிடம் பேசிவைத்திருக்க வேண்டும். “என்னங்க, மாப்பிள்ளை விருந்தெல்லாம் முடிஞ்சுதா?” என்று லைனில் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை விழுந்தால் நீங்கள் அறையில் செய்ததெல்லாம் வீண். அவர் பழைய மெஷினிலேயே நிற்கட்டும். ஆபரேஷன் முடிந்து வந்தவர் என்றால், டாக்டர் ஃபிட்னஸ் கொடுத்திருந்தாலும், முதல் இரண்டு வாரம் ஓவர்டைம் போடாதீர்கள், கனமான ஜாப்பைத் தள்ளி வையுங்கள். இழவு வீட்டிலிருந்து வந்தவருக்குக் கருமாதி நாளைக் கேட்டு, அந்த நாளுக்கு லீவை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். அவராக வந்து இன்னொரு முறை கேட்கத் தயங்குவார்.

சிலர் திரும்ப மாட்டார்கள். வேறு வேலை கிடைத்திருக்கும், ஊரோடு போயிருப்பார்கள். அப்படித் தெரிந்தால் கோபத்தில் கணக்கை இழுத்தடிக்க வேண்டாம். ராஜினாமாவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் கையெழுத்திட்ட படம் வந்தாலும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். புதிய ஊதியத் தொகுப்பின்படி விலகியவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். பாக்கி இ.எல். பணம், ஐந்து வருடம் ஆனவருக்குக் கிராஜுவிட்டி, போனஸ் பாக்கி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். பி.எஃப். போர்ட்டலில் விலகிய தேதியை நீங்கள் போடாவிட்டால் அவர் பணம் எடுக்கவோ மாற்றவோ அலைய நேரும். கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து அவரே போட்டுக்கொள்ள வழி இருக்கிறது என்றாலும் அந்த அலைச்சல் எதற்கு. லாக்கரில் அவருடைய டிபன் பாக்ஸ், செருப்பு, சாமி படம் ஏதாவது இருக்கும். யாராவது ஊருக்குப் போகிறவரிடம் கட்டிக் கொடுத்தனுப்புங்கள்.